சென்ட்ரியைக் கண்டால் குதிக்கும் கார்

அத்தானின் காருக்கு ஒரு வருத்தம் இருந்தது. சென்ட்ரியைக் கண்டால் குதிக்கும். வேறெங்கும் குதிக்காது. கோயில் வாசலில் குதிக்காது. ஆஸ்பத்திரி வாசலில் குதிக்காது. கடற்கரை வீதியில் மான் கூட்டம் குறுக்கே வந்து நின்று காதை ஆட்டிக்கொண்டிருந்தாலும் பொறுமையாக நிற்கும். மணல்மூட்டைக்குப் பின்னால் இருவர் துவக்கை நீட்டிக்கொண்டு நிற்க, மூன்றாமவர் வீதியில் நின்று "மெல்ல, மெல்ல" என்று கை காட்டினால் மட்டும் அதற்கு ஓர் உற்சாகம் பிறந்துவிடும்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அந்தக் காரைச் சமாதான காலத்தில் வாங்கியிருந்தார். அப்போது எல்லாரும் ஏதாவது வாங்கினார்கள். ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த வெள்ளைக் கார். கியர் மாற்றத் தேவையில்லாத ஓட்டோ வகை. கூடவே ஜப்பானிய மொழியில் ஒரு கையேடும் வந்தது. அதன் படங்களில் ஒரு குடும்பம் மலைப்பாதையில் சிரித்துக்கொண்டே போகும். பிறகு சமாதானம் முடிந்தது, கார் மிஞ்சியது. தம்பலகாமத்தில் ஓர் அரச கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அத்தான், திருகோணமலையிலிருந்து கண்டி வீதியால் தினமும் அந்தக் காரில்தான் போய்வந்தார். வழியில் எத்தனை சென்ட்ரி என்று கேட்காதீர்கள். நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது.

வெளியூர்க்காரருக்குச் சென்ட்ரியை, அதாவது ஆமியின் சோதனைச்சாவடியைக் கடக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். தூரத்தில் தார்ப்பீப்பாக்களைக் கண்டதும் சைக்கிள்காரர் இறங்கி உருட்டுவார். காரில் வந்தவர்கள் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து போவார்கள். ஓட்டுபவர் மட்டும் உள்ளே இருந்து, பீப்பாக்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வர வேண்டும். அதையும் நம்பாமல், வீதிக்குக் குறுக்கே ஒரு தென்னங்குற்றியைப் போட்டு மண்ணால் மூடியிருப்பார்கள். கார் வந்து அந்தக் குற்றியில் முட்டி நிற்கும். இப்போது அக்சிலேற்றரை ஒரு பொட்டு மிதிக்க வேண்டும். கூட மிதித்தால் பயங்கரவாதி. குறைய மிதித்தால் சந்தேகநபர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மிதி இருக்கிறது. திருகோணமலையில் ஒருவருக்குக் கார் ஓட்டத் தெரியும் என்றால் அந்த மிதி தெரியும் என்று அர்த்தம்.

அந்த மிதியில்தான் கார் ஏமாற்றியது. இஞ்சின் ஒருமுறை விக்கி மூச்சை விட்டுவிடும். செத்ததோ என்று அத்தானின் கால் தன்னையறியாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தும். உடனே கார் உயிர்பெற்று, குற்றிக்கு மேலால் முயல்போலப் பாயும்.

முதல் தடவை பாய்ந்தபோது நான் இறங்கி நடந்து சென்ட்ரிக்கு அந்தப் பக்கம் நின்றேன். கார் பாய்ந்தது. மூன்று துவக்குகளும் திரும்பின. அத்தான் அந்த நேரத்தில் ஒரு நல்ல குடிமகன் செய்யக்கூடியதைச் செய்தார்: இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். ஆனால் பயத்தில் காலையும் சேர்த்துத் தூக்கிவிட்டார். ஓட்டோ காரில் காலை எடுத்தால் அது தன்பாட்டில் நடக்கும். ஆகவே சரணடைந்த மனிதர் ஒருவர், இரண்டு கைகளையும் உயர்த்தியபடி, மிக மெதுவாக, நேராக, வீதியில் கை காட்டி நின்ற கோப்ரலை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

கோப்ரல் சுடவில்லை. பொறுமையாலா, வியப்பாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. "பிறேக்! பிறேக்!" என்று கத்திக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தார். கார் நின்ற பிறகு, தன்னிடம் இருந்த தமிழை எல்லாம் திரட்டிச் சொன்னார்:

"ஐயா, இனி பாஞ்சா சுடும். நான் சுடாட்டி அவன் சுடும்." நாடியால் மணல்மூட்டைப் பக்கம் காட்டினார். "அவன் புதுசு. அவனுக்குப் பயம்."

அவன் என்று காட்டப்பட்டவனுக்கு என் வயதுதான் இருக்கும். விரல் விசையில் இருந்தது. முகம் வேர்த்திருந்தது.

வீட்டில் அக்கா நடந்ததைக் கேட்டுவிட்டுக் குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். "இஞ்சாருங்கோ, இனி அந்தக் காரைத் தொடப்படாது."

"பஸ்ஸில போனால் கிளைமோர்க் குண்டு, காரில போனால் சென்ட்ரி. எதில போறதெண்டு நீயே சொல்லு."

"லீவு போடுங்கோ."

"சண்டை முடியுமட்டும் லீவு தருவினமே?"

அக்கா அதற்கும் வழி வைத்திருந்தாள். காருக்குக் கண்ணூறு பட்டுவிட்டது; வாங்கிய அன்றே எதிர்வீட்டுச் சனம் பார்த்த பார்வை அப்படி. தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்து முன் பம்பரில் கட்டினாள். அடுத்த நாள் கார் தேசிக்காயோடு சேர்ந்து குதித்தது. அன்றைக்குக் கோப்ரல்தான் நின்றார், அதனால் அத்தான் வீடு வந்தார்.

பிறகு கராஜ். கராஜ்காரர் பழைய கார்களில் பெரிய விண்ணர். காதை வைத்தே காபரேற்றரைச் சரிசெய்வார். இந்தக் காரில் காபரேற்றரே இல்லை என்பதைத் தனக்குச் செய்யப்பட்ட அவமரியாதையாக எடுத்துக்கொண்டார்.

"அண்ணை, என்ர கண்ணுக்கு முன்னால ஒருக்கால் குதிக்கச் சொல்லுங்கோ பாப்பம்," என்றார்.

குதிக்கவில்லை. வீதியில் கொண்டுபோய் ஓட்டினார். கார் ஜப்பானியக் குடும்பத்தைக் கொண்டுபோவதுபோலப் போனது.

"சென்ட்ரியில மட்டும் குதிக்குதெண்டால் அது காரின்ர பிழை இல்லை, அண்ணை. உங்கட காலின்ர பிழை. ஒரு பிறஷர் குளிசை போட்டுப் பாருங்கோ."

"ஒரு சென்சர் பழுதானாலும் இப்பிடி வரும்," என்றேன் நான்.

அவர் அத்தானைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை சோதினை பாஸோ?"

பிள்ளை பாஸ்தான். கணிதப் பிரிவில் பாஸ். பல்கலைக்கழகம் திறக்கும், மூடும், மறுபடி திறக்கும் என்று பார்த்துக்கொண்டு, அதுவரை வீட்டில் இருந்த வானொலிப் பெட்டி, மின்விசிறி, அக்காவின் மிக்ஸி எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிய பிள்ளை. மிக்ஸி மட்டும் திரும்பப் பேசவில்லை. ஆகவே காரில் கை வைக்க எனக்கு அனுமதி கிடைக்கச் சில நாள் எடுத்தது.

என் எண்ணம் இதுதான். இந்த வகைக் காரில் அக்சிலேற்றர் எவ்வளவு மிதிபட்டது என்று இஞ்சினின் மூளைக்குச் சொல்ல ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. த்ரொட்டில் பொசிஷன் சென்சர் என்று பெயர். உள்ளே ஒரு தடம். அதன்மேல் ஒரு சின்னக் கை உரசிக்கொண்டு போகும். கை நிற்கிற இடத்துக்கேற்ப வோல்ற் ஏறும், இறங்கும். அதைப் பார்த்து மூளை பெற்றோல் அளக்கும்.

"விளங்கேல்லை," என்றார் அத்தான்.

"சுற்றிவளைப்பில எங்களுக்கும் ஆமிக்கும் நடுவில ஒருத்தர் நிண்டு மொழிபெயர்ப்பார் எல்லே, அவர் மாதிரி. நீங்கள் சொல்லுறதெல்லாம் ஒழுங்காச் சொல்லுறார். ஒரேயொரு சொல் வரேக்க மட்டும் வாயை மூடிடுறார்."

"அந்தச் சொல்லிலதானே எப்பவும் அடி விழுறது," என்றார் அத்தான். அவருக்கு விளங்கிவிட்டது.

தடம் ஏன் ஒரே இடத்தில் தேய வேண்டும்? மற்ற ஊர்களில் கார்கள் எல்லா வேகத்திலும் ஓடுகின்றன. தேய்மானம் பரவலாக இருக்கும். எங்கள் ஊரில் கார் ஓட்டம் என்பது சென்ட்ரிக்குச் சென்ட்ரி ஊர்வதுதான். கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், அந்த ஒரு மிதியில், நாளுக்குப் பல தடவை, கால் நடுங்க நடுங்க அந்தச் சின்னக் கை ஒரே இடத்தில் நின்று முன்னும் பின்னும் அரைத்திருக்கிறது. யுத்தம் எங்கெங்கோ பள்ளம் தோண்டியது. ஒன்றை அத்தானின் காருக்குள்ளும் தோண்டியிருந்தது.

எண்ணம் வேறு, நிரூபணம் வேறு. என்னிடம் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்புக் காலத்து, வோல்ற் அளக்கிற முள் மீற்றர் ஒன்று இருந்தது. பொனற்றைத் திறந்து, சென்சரின் மூன்று வயர்களில் எது செய்தி கொண்டுபோவது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து சிவப்பும் நிலவயரிலிருந்து கறுப்புமாக இரண்டு வயர் இழுத்து, யன்னலால் உள்ளே எடுத்து மீற்றரில் கொடுத்தேன். அத்தானை மெல்ல மிதிக்கச் சொன்னேன். முள் ஏறியது. விடச் சொன்னேன். இறங்கியது. மறுபடியும் அப்படியே. ஒரு நெளிவு சுழிவு இல்லை.

"கண்ணூறுதான்," என்றாள் அக்கா.

ஆனால் நான் முள்ளைப் பார்க்காமல் அத்தானின் காலைப் பார்த்தேன். ஆட்டுக்கல்லடியில் நின்ற காரில், பின்னேரத் தேத்தண்ணி குடித்த திருப்தியில், அது நன்றாக உறுதியாக மிதித்தது. தேய்ந்த இடம் மயிரளவுதான் இருக்கும். அதை ஒரு தாண்டலில் தாண்டிவிடுகிறது. அந்த மயிரில் நின்று நடுங்கத் தெரிந்த கால் சென்ட்ரியில் இருக்கும் கால் மட்டுமே. மீற்றரைச் சென்ட்ரிக்குக் கொண்டுபோகவும் ஏலாது. சிவப்பும் கறுப்புமாக வயர் தொங்கும் காரை அங்கே கொண்டுபோவது, வருத்தம் என்னவென்று பார்க்க முன்பே செத்தவீட்டுக்குச் சொல்லிவிடுவதற்குச் சமம்.

"அப்ப சென்ட்ரியை இஞ்ச கொண்டுவருவம்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் ஒழுங்கையில், படலைக்கு முன்னால், ஒரு சென்ட்ரி எழுந்தது. எங்கள் ஒழுங்கை உள்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கை, வாகனம் குறைவு. தண்ணீர்ப் பீப்பா இரண்டை உருட்டி வந்து சரிவாக வைத்தேன். கிணற்றடியில் கிடந்த தென்னங்குற்றியைக் குறுக்கே போட்டு மண் மூடினேன். ஆமியாக அக்கா. துவக்குக்கு, முற்றம் கூட்டுகிற தும்புத்தடி.

"எடியே, சனம் பாத்தால் என்ன சொல்லும்?"

"நீ கை காட்டினால் காணும். முகத்தை மட்டும் கொஞ்சம் கடுமையா வை."

அதற்கு அவள் பழக வேண்டியிருக்கவில்லை.

நான் மீற்றரை மடியில் வைத்துக்கொண்டு முன் கதிரையில் இருந்தேன். கார் ஊர்ந்து வந்து குற்றியில் முட்டியது. அக்கா தும்புத்தடியை நீட்டி, "மெல்ல வாங்கோ," என்றாள். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிதித்தார். முள் ஒழுங்காக ஏறியது. கார் பசுமாடு மாதிரி குற்றியைக் கடந்தது. மறுபடி. மறுபடி. அத்தான் அக்காவுக்குப் பயம் இல்லாதவர் அல்ல; ஆனால் அது வேறு வகைப் பயம், காலுக்கு இறங்காது.

நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ கார் பின்னுக்கு வந்தபோது, பின்னால் பெல் சத்தம் கேட்டது. பாண்காரர். எங்கள் வீட்டுக்கு வருஷக்கணக்காகப் பாண் தருகிறவர், அக்காவை நன்றாகத் தெரிந்தவர். பீப்பாவையும் குற்றியையும் கண்டார். சைக்கிளில் இருந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். சேட்டுப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளை உருட்டி வந்து, கேட்காமலே பாண்பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

அக்கா தும்புத்தடியோடு விழித்தாள்.

"சென்ட்ரிக்கு உங்களையும் சேத்துப்போட்டினமோ, தங்கச்சி?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஐயோ இல்லை அண்ணை, இது சும்மா. ஒரு றாத்தல் பாண் தாங்கோ."

பாணை எடுத்துக் கொடுத்தார். அக்கா காசை எடுக்க, அவர் கையை ஆட்டினார். "சென்ட்ரியில நான் வாங்கிறேல்லை."

அதற்குள் அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு சைக்கிள்கள் வந்து இறங்கிவிட்டன. அதற்குப் பின்னால் குடையோடு ஒரு ஆசிரியை. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வரிசை இருந்தது, நின்றார்கள். ஆசிரியை கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது எப்ப போட்டது?" என்று முன்னால் நின்றவரைக் கேட்டார். "விடியவாம்," என்றார் அவர், நேரில் கண்டதுபோல. எங்கள் ஊர் மான்கள் மட்டும்தான் எந்தச் சென்ட்ரியையும் அட்டை காட்டாமல் கடக்கும். அன்றைக்கும் ஒன்று குற்றியைத் தாண்டிப் போனது.

"அத்தான், இன்னொருக்கால்," என்றேன். கார் ஊர்ந்து குற்றியில் முட்டியது. அத்தான் மெல்ல மிதிக்கத் தொடங்கிய நேரம், ஒழுங்கையின் மேல்முனையில் ரோந்து வந்தது. ஐந்தாறு பேர். முன்னால் கோப்ரல். அவருக்கு ஒரு பக்கத்தில் புதியவன்.

அவர்கள் கண்டது இதுதான்: அவர்கள் போடாத ஒரு சென்ட்ரி. அடையாள அட்டையோடு வரிசையாகச் சனம். நடுவில் ஒரு பெண் எதையோ தோளில் வைத்துக் குறிபார்க்கிறாள். பொனற் பாதி திறந்த காரில் இருந்து சிவப்பும் கறுப்புமாக வயர்.

துவக்குகள் உயர்ந்தன. அக்கா தும்புத்தடியைத் திருப்பி, அவ்விடத்திலேயே ஒழுங்கையைக் கூட்டத் தொடங்கினாள்.

அத்தானின் கால் நடுங்கியது. மடியில் முள் ஏறி ஏறி வந்து, ஓர் இடத்தில் தொப்பென்று விழுந்தது. பூச்சியம். இஞ்சின் விக்கியது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. "விழுந்திட்டுது! விழுந்திட்டுது!" என்று கத்தினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கத்தியதில்லை. அடுத்த கணம் அத்தானின் கால் இன்னும் அழுத்தப் போகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எட்டிக் கார்த் திறப்பைத் திருப்பினேன். இஞ்சின் நின்றது. அத்தானின் கைகள் அதற்குள் மேலே போயிருந்தன.

"மொக்கத மே?" என்றார் கோப்ரல். இது என்ன என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

புதியவனின் துவக்கு என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மீற்றரை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி, கண்ணாடியை அவர்கள் பக்கம் திருப்பினேன். என் சிங்களம் அவருடைய தமிழைவிட மோசம். ஆகவே திறப்பைப் போட்டு, இஞ்சினை ஓடவிடாமல், அத்தானை மிதிக்கச் சொன்னேன். இப்போது கால் சொல்லாமலே நடுங்கியது. முள் ஏறியது, செத்தது, பிழைத்தது.

கோப்ரல் குனிந்து பார்த்தார். முள்ளைப் பார்த்தார். அத்தானின் காலைப் பார்த்தார். குற்றியைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"கால் சொல்லுது. மிசின் கேக்க இல்ல."

"ஓம், ஓம்! அதுதான்!"

"பிறகு கேக்குது. பாயுது."

"ஓம்!"

வரிசையில் நின்ற ஆசிரியைகூடத் தலையாட்டினார். கோப்ரல் நிமிர்ந்து, ஒழுங்கையை ஒருமுறை பார்த்து, சட்டென்று தன் உத்தியோகத்தை நினைத்துக்கொண்டார். "பீப்பா எடுக்கணும். கட்ட எடுக்கணும். இப்ப." வரிசையைப் பார்த்துப் போகச் சொன்னார். ஒவ்வொருவரும் அவரிடம் அட்டையை மறுபடி ஒருமுறை காட்டிவிட்டுத்தான் போனார்கள்.

போகும்போது அவர் காரின் கூரையில் கையை வைத்துக் குனிந்தார். "நான் இப்ப தெரியும். பாஞ்சா நான் சுட இல்ல. ஆனா நாளைக்கி நான் லீவு. ஊருக்குப் போற." புதியவன் பக்கம் நாடி திரும்பியது. "நாளைக்கி அவன்."

அக்கா கூட்டுவதை நிறுத்தினாள்.

புதிய சென்சர் கொழும்பில்தான் கிடைக்கும். கொழும்புக்குப் போய்வர அத்தானுக்கு லீவும் வேண்டும், அதைவிடக் கூடுதலான சென்ட்ரிகளும் வேண்டும். பொழுது சரிய முன்னம் நான் சென்சரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை இரண்டு திருகாணிகள் பிடித்திருந்தன. ஆணித் துளைகள் வட்டமாக இல்லை, நீட்டு. அதாவது ஆணியை இளக்கினால் சென்சரைக் கொஞ்சம் சுழற்றலாம். சுழற்றினால், பள்ளம் அதே பள்ளம்தான். ஆனால் கால் வேறோர் அளவு மிதிக்கும்போதுதான் அந்தக் கை பள்ளத்துக்கு வரும். பள்ளத்தை மூட ஏலாது. சென்ட்ரிக்கு அப்பால் தள்ளி வைக்கலாம்.

"பழுது போகாதோ?" என்றாள் அக்கா.

"போகாது. இடம் மாறும்."

"இடம்பெயர்ந்த பழுது," என்றார் அத்தான்.

பழைய இடத்தை அக்காவின் கியூடெக்ஸ் நகப்பூச்சால் அடையாளம் வைத்துவிட்டு, மயிரளவு மயிரளவாகத் திருப்பினேன். அத்தான் மிதிக்க வேண்டும், நான் முள்ளைப் பார்க்க வேண்டும். இந்தத் தரம் அவருடைய கால் தானாகவே நடுங்கியது. அக்காவுக்கு வேலை இருக்கவில்லை. கடைசியில் அந்த நடு மிதியில் முள் அசையாமல் நின்றது. இன்னும் நன்றாக மிதித்த பிறகே விழுந்தது. கார் சும்மா நிற்கும்போது முன்பைவிடக் கொஞ்சம் உரத்து உறுமியது, அதைப் பொறுத்துக்கொண்டோம்.

விடிய நானும் போனேன். அக்கா மறிக்கவில்லை, தேசிக்காயைப் புதிதாக மாற்றிவிட்டாள். கண்டி வீதிச் சென்ட்ரியில் முறைப்படி இறங்கி நடந்தேன். குற்றிக்கு அந்தப் பக்கம் புதியவன் நின்றான். என்னைக் கண்டான், மீற்றர் இருக்கிறதா என்று என் கைகளைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான். அவனுடைய விரல் விசைக்குப் போனது. எனக்கும் அவனுக்கும் அந்த நேரத்தில் ஒரே பிரார்த்தனை.

கார் வந்து குற்றியில் முட்டியது. நின்றது. அத்தான் மிதித்தார்.

முன்சில்லு ஏறியது, இறங்கியது. பின்சில்லு ஏறியது, இறங்கியது. ஒரு விக்கல் இல்லை. புதியவன் அட்டையை வாங்கிப் பார்த்தான், தலைகீழாக. திருப்பிக் கொடுத்துவிட்டு, "யன்ன," என்றான். போகலாம். விசையிலிருந்து விரலை எடுத்துக் காற்சட்டையில் துடைத்தான்.

ஏறி இருந்தேன். சென்ட்ரி கண்ணாடியில் சின்னதாகி மறைந்தது. இரண்டு பக்கமும் வயல். ஒருவரும் இல்லாத வீதி. அத்தான் நீண்ட மூச்சு விட்டு, காற்செருப்பைச் சரிசெய்து, நன்றாக மிதித்தார்.

கார் விக்கியது. பிறகு பாய்ந்தது.

வயலோரம் படுத்திருந்த எருமைகள் எழுந்து நின்று பார்த்தன. வெள்ளைக் காரில் ஒரு மனிதர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவற்றை நோக்கி வந்தார். நான் கைப்பிறேக்கை இழுத்தேன். கார் சேற்றோரம் நின்றது.

"கையை இறக்குங்கோ அத்தான்," என்றேன். "ஆமி இல்லை. எருமை."

அத்தான் எருமைகளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அவை அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, முதலில் இடக்கையை, பிறகு வலக்கையை இறக்கினார்.